அஞ்சாவது ஊசி

இருபத்திமூன்றைக் கூப்பிட்டாகிவிட்டது, என் கையில் இருப்பது முப்பத்தொன்று, நடுவில் ஏழு பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேலே இருக்கிறது, அதற்குள் ஏதாவது நடந்துவிடாதா. கரண்ட் போகலாம். டாக்டர் ரெபேக்காவுக்கு அவசரமாக ஒரு பிரசவம் வந்து மாடிக்கு ஓடலாம். பக்கத்தில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மாமியாருக்கு மூட்டுவலி பொறுக்காமல், நீ பாத்துட்டு வா நான் போறேன் என்று எழுந்துவிடலாம். எழமாட்டாள். இன்றைக்கு வடிவம்மாளை இந்த பெஞ்சிலிருந்து கிளப்ப யாராலும் முடியாது. கல்யாண வீட்டுக்குக் கட்டும் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், பாளையங்கோட்டையில் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்கு, சாயங்காலம் நாலரை மணிக்கு. ஆட்டோவில் வரும்போது ஒவ்வொரு மேட்டுக்கும் டிரைவரை வைதாள். "மெதுவா போப்பா, ரெண்டு உசுரு இருக்குல்லா" என்றாள். டிரைவர் கண்ணாடியில் என் வயிற்றைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தான். என் வயிற்றில் யாரும் இல்லை. நான் கர்ப்பமாக இல்லை. நான் வந்திருப்பது ஊசி போட்டுக்கொள்ள, மாதவிலக்கை நிறுத்தி வைக்கிற ஊசி, இருபத்தெட்டு நாளுக்கு ஒன்று, மொத்தம் ஆறு, இன்றைக்கு அஞ்சாவது. முப்பத்தொன்று என்று கூப்பிட்டதும் அத்தை என்னோடு உள்ளே வருவாள், டாக்டர் வாயைத் திறப்பார், அதோடு இந்த ஒன்றரை மாதமாக எனக்குக் கிடைத்துக்கொண்டிருப்பதெல்லாம் முடிந்தது. கூப்பிடும்போது போகாமல் நழுவினால் ஊசி தள்ளிப்போகும், வலி திரும்பி வரும். இரண்டில் ஒன்றுதான் எனக்கு. இருபத்திநாலு இன்னும் கூப்பிடவில்லை, நல்லவேளை.

நான் பொய் சொல்லவில்லை, இதை நான் யார் முன்னாலும் சொல்வேன், ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. எல்லாம் அந்தச் சாயங்கால விளக்கால் வந்தது. அத்தைக்கு மூட்டு போனதிலிருந்து பூஜை அறையில் குனிந்து விளக்கேற்றுவது மருமகள்கள் வேலை. கொழுந்தன் பெண்டாட்டி பிரவீணாவுக்கு இது ரெண்டாவது பிள்ளை, ஆறாம் மாதம், அவளுக்குக் காலையில் எழுந்ததிலிருந்தே களைப்பு, அதனால் விளக்கு முழுக்க என் தலையில். நான் தூரமாகிற மூன்று நாளும் அத்தைதான் முனகிக்கொண்டே குனிந்து ஏற்றுவாள். என்னுடைய தூரம் வீட்டில் யாருக்கும் தெரியாமல் வந்து போகிற தூரமும் இல்லை. வெந்நீர்ப் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு பாயில் சுருண்டு கிடப்பேன், வாந்தி எடுப்பேன், நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்வேன், முதலாளி ஒவ்வொரு மாதமும் அதே குரலில், திரும்பவுமாம்மா என்பார். முதல் ஊசி போட்ட பன்னிரண்டாம் நாள் ஒருமுறை வந்தது, கொஞ்சம் கூடுதலாகவே, டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு இல்லை. ஒரு மாதம் அத்தை குனியவில்லை. இரண்டாவது மாதமும் குனியவில்லை. நான் பாயில் கிடக்கவில்லை, வாந்தி எடுக்கவில்லை, தினமும் ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. அத்தை காலண்டர் முன்னால் வெகுநேரம் நின்றதை நான் பார்த்தேன். கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் அவர்கள் வீட்டில், இப்போது எங்கள் வீட்டில், மூன்று மாதம் முடியும் வரைக்கும் அந்தப் பேச்சை யாரும் வாயால் எடுக்கக்கூடாது, கண் பட்டுவிடும், நிற்காது என்று ஒரு பயம். அதனால் அத்தை கேட்கவில்லை. கேட்காததற்கு நான் எப்படிப் பதில் சொல்வது. மறுநாள் காலையில் நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனேன், அத்தை நொண்டிக்கொண்டே வந்து என் இடுப்பிலிருந்து அதை வாங்கினாள், என் கன்னத்தை ஒரு தடவு தடவிவிட்டுப் போனாள். ஒன்பது வருஷத்தில் அந்தக் கை என் கன்னத்தில் பட்டதில்லை.

அதற்கப்புறம் சாளை மீன். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. சாளையில் சினை இருந்தால் அது பிரவீணாவுக்கு என்பது அவள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த முதல் வருஷத்திலிருந்து எழுதப்படாத சட்டம், அந்த வருஷமே உண்டாகிவிட்டாளே மகராசி. ஐந்து வருஷமாக நான் மீன் கழுவுவேன், சினையை உடையாமல் எடுத்துத் தனியாக வைப்பேன், பொரிப்பேன், அது என் கண் முன்னால் அவள் தட்டுக்குப் போகும். எனக்குச் சினை என்றால் உயிர். ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை கரண்டியோடு வந்தாள், பிரவீணா வழக்கம்போல் சோற்றைக் கொஞ்சம் ஒதுக்கி இடம் பண்ணி வைத்திருந்தாள், கரண்டி அவளைத் தாண்டி வந்து என் தட்டில் கவிழ்ந்தது. எல்லாமே. அத்தனையும். பிரவீணா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, பெண்களுக்கு இதெல்லாம் சொல்லியா தெரிய வேண்டும். அவள் முகம் ஒரு நொடி சுருங்கியது, கண்ணுக்குக் கீழே, நான் என் கண்ணாடிக் கடையில் தினமும் முப்பது முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறவள், எனக்குத் தப்பாது. அந்தச் சுருக்கம் எனக்குச் சினையைவிட ருசித்தது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற ஒருத்தி என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள், என்னை, இந்தக் கோமதியை. நான் மெதுவாக, ஒவ்வொரு விள்ளலாக, அவள் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டேன். நல்ல புத்தி உள்ள பொம்பளை அந்த இடத்தில், அத்தை எனக்கு வேண்டாம், அவளுக்கு வையுங்க, எனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லியிருப்பாள். நான் எலுமிச்சம்பழம் இருக்கா என்று கேட்டேன்.

இருபத்தியாறு. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூப்பிடுகிறார்களா, இருபத்தைந்து எப்போது போனது. இதோ வருகிறது, நெஞ்சுக்குக் கீழிருந்து கிளம்பி கழுத்து, காது, நெற்றி வரைக்கும் அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி வெக்கை, ஜாக்கெட்டின் முதுகு நனைகிறது, தலைக்கு மேலே மின்விசிறி ஓடத்தான் ஓடுகிறது. அத்தை முந்தானையை எடுத்து என் நெற்றியைத் துடைக்கிறாள், பட்டுப் புடவை முந்தானை, பாழாகிவிடும், அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. "மொத மூணு மாசம் அப்படித்தான் இருக்கும், எனக்கு சங்கரு வயித்துல இருக்கும்போது பனியனப் புழிஞ்ச மாதிரி வேக்கும்" என்கிறாள். சங்கர் என் வீட்டுக்காரர். அத்தை, இது அந்த வேர்வை இல்லை. டாக்டர் முதல் நாள் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார், கருப்பைக்கு ஒரு பேரிக்காய், இரண்டு பக்கமும் சினைப்பைக்கு இரண்டு வாதாங்கொட்டை. பேரிக்காய்க்கு உள்ளே இருக்கிற மெத்தை மாதிரியான சதை எனக்கு வெளியிலும் முளைத்திருக்கிறதாம், வாதாங்கொட்டை மேலே, குடலுக்குப் பக்கத்தில், பின்னால். எண்டோமெட்ரியோசிஸ். பேரைச் சரியாகச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. "ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன்மா, மாசாமாசம் சினைப்பையிலருந்து வந்து கருப்பையை வளரு வளருன்னு சொல்லும். இந்த வெளிய முளைச்சதும் அதே வார்த்தையைக் கேட்டு வளரும், உள்ளது ரத்தமா வெளிய போயிரும், இதுக்குப் போக வழி இல்ல, அங்கயே கசிஞ்சு புண்ணாகும், ஒட்டிக்கும். புரோஜெஸ்டரோன்னு இன்னொண்ணு, அது போதும் நிறுத்துன்னு சொல்லணும், சொல்லத்தான் செய்யுது, இது காதுல வாங்கறதில்ல. போதாததுக்கு இதுவே தனியா கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் தயார் பண்ணிக்குது" என்றார். அந்தச் சதையை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் ஓரமாக ஒட்டிக்கொண்டு, கருப்பையைப் பார்த்துப் பார்த்து, அதற்கு வருகிறதெல்லாம் தனக்கும் வேண்டும் என்று வாயைப் பிளந்து, அது வளர்ந்தால் தானும் வளர்ந்து, அது அழுதால் தானும் அழுது, போதும் என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாமல், வெளியிலிருந்து கிடைக்காவிட்டால் தனக்குத் தானே தயாரித்துக்கொண்டு. பதினெட்டு இருபது வருஷம் அது என் வயிற்றில் செய்ததைத்தான் நான் வெளியில் செய்துகொண்டிருந்தேன். ஊசி மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகிற உத்தரவை நிறுத்திவிடும், ஈஸ்ட்ரோஜன் அடங்கும், சதை பட்டினி கிடந்து சுருங்கும் என்றார். அது சுருங்குகிறது, வலி நின்றது, சரி. மற்றது சுருங்குவதற்கு ஒரு ஊசியும் எழுதித் தரவில்லை.

யாரைப் பார்த்துத்தான் பொறாமைப்படவில்லை நான். எட்டாம் வகுப்பில் ஜெயராணி, அவளுக்கு வந்த அன்றைக்கே கபடி ஆடினாள், மூச்சுப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தாள், நான் வாந்தி எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடக் கிணற்றடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் கீழே விழுந்து காலை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று மனதார வேண்டினேன். எல்லாருக்கும் உள்ளதுதானே, நீ மட்டும் என்ன அதிசயமா என்று அம்மா சொன்னாள், டீச்சர் சொன்னாள், மூன்று டாக்டர்கள் சொன்னார்கள், ஒருவர் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார், கல்யாணம் ஆன பிறகு இன்னொருவர் ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார். பிள்ளை பெறுவதற்குத்தானய்யா உங்களிடம் வந்திருக்கிறேன். பிறகு அத்தையைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன், நான் கல்யாணமாகி வந்த வருஷம் அவளுக்கு நின்றது. ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடப்பாள், ஜன்னலை எல்லாம் திறந்து வைப்பாள், மார்கழியில், நாங்கள் போர்வைக்குள் நடுங்குவோம். நான் நினைப்பேன், இவளுக்கு எல்லாம் கிடைத்தது, மூன்று பிள்ளை கிடைத்தது, கடைசியில் நிற்பதும் கிடைத்தது. எனக்கு நிற்க மட்டும் செய்தால் போதும் என்று அப்போது கேட்டேன். கேட்டது முப்பத்துநாலு வயதில் கிடைத்திருக்கிறது, இந்த வெக்கையோடு. வளைகாப்பு வீடுகளைச் சொல்லவே வேண்டாம். வளையல் அடுக்கிக்கொண்டு உண்டானவள் எழுந்ததும், அவள் உட்கார்ந்த மனையின் சூடு ஆறுவதற்குள் பிள்ளையில்லாதவளை உட்கார வைப்பார்கள், அவளுக்கும் நடக்கட்டும் என்று. நாலு வீட்டில் என்னை அப்படி உட்கார வைத்தார்கள், நாலு வீட்டிலும் எழுந்து வந்து கொல்லைப்புறம் போய் அந்த வளையல்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிரவீணாவின் முதல் வளைகாப்பில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், அத்தை மட்டும் "அவளுக்கு வேல கெடக்கு, விடுங்க" என்று என்னை அடுப்படிக்கு அனுப்பினாள். இவளுக்கு மனையில் உட்காரக்கூடத் தகுதியில்லை என்று நினைக்கிறாள் பார் என்று அன்றைக்கு ஒரு அண்டா பாயசத்தையும் நானே கிண்டினேன், ஒரு சொட்டு வாயில் விடவில்லை.

இருபத்தெட்டு. போனில் சங்கர், சொல்லிட்டியா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். இவர்தான் நேற்று ராத்திரி சாப்பாட்டில் உளறியது, நாளைக்குக் கோமதிக்கு ஆஸ்பத்திரி இருக்கு, நான் வண்டியில விட்ருதேன் என்று. அத்தை கையைக் கழுவிவிட்டு வந்து, மூன்று மாதம்தான் முடிந்துவிட்டதே, முதல்முறையாக வாயைத் திறந்தாள், நான் போறேன் அவகூட என்றாள். அறைக்குள் வந்து இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சொல்லிரு கோமதி, நாள் ஆக ஆகக் கஷ்டம் என்றார். இவருக்கு என்ன, சொல்லிவிடு என்று சொல்லிவிடலாம். ஆரம்பத்திலேயே அத்தையிடம் சொல்லாமல் மறைப்போம் என்று முடிவு செய்ததும் நாங்கள் இரண்டு பேரும்தான், பிள்ளை வேணும்னு இருக்கிறவ எவளாவது தீட்ட நிறுத்துற ஊசி போடுவாளா என்று கேட்பாள், அவளுக்கு எந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவது. ஆறு ஊசி முடிந்த பிறகு முயற்சி பண்ணலாம், வாய்ப்பு இருக்கு, உறுதி சொல்லமாட்டேன் என்கிறார் டாக்டர். வாய்ப்பை எல்லாம் தட்டில் வைத்து அத்தையிடம் நீட்ட முடியுமா. பேசாமல் எழுந்து பாத்ரூம் போகிற மாதிரிப் போய், நம்பர் தாண்டியதும் வந்து, டாக்டர் இன்னைக்குப் பாக்கமாட்டாவளாம் யத்த என்று சொல்லிவிட்டால் என்ன. ஒரு நாள் இரண்டு நாள் முன்னே பின்னே போனால் பரவாயில்லை, ஒரு வாரம் தள்ளினால் சினைப்பை முழித்துக்கொள்ளும் என்றார். முழித்துக்கொள்ளட்டுமே. இல்லை, வேண்டாம், அந்த வலி வேண்டாம், அடிவயிற்றில் துணியைப் பிழிவதுபோல் முறுக்கி முறுக்கி, தொடை வழியாக முட்டி வரைக்கும் இறங்கி, கக்கூஸில் உட்கார்ந்து சுவரை நகத்தால் கீறிக்கொண்டு. அந்த வலி வேண்டாம், இந்தச் சினையும் வேண்டும். நான் பப்பாளியைக்கூட விட்டுவிட்டேன் தெரியுமா. அத்தை பார்க்கிறாள் என்று விட்டேனா, பார்க்காதபோதும்தான் விட்டேன், கடைக்குப் பக்கத்தில் துண்டு போட்டு விற்கிறான், ஒரு நாள் கை நீட்டி, ஐயோ கூடாதே என்று இழுத்துக்கொண்டேன், பிறகு நடுரோட்டில் நின்று எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பாக இல்லை. அத்தை மனதில் ஒரு கோமதி இருக்கிறாள், மூன்று மாதம் முடிந்தவள், அவளுக்கு அத்தை குடம் தூக்குகிறாள், பட்டு முந்தானையால் துடைத்துவிடுகிறாள். பிரவீணாகூடப் பரவாயில்லை, அந்தக் கோமதியை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. என் உடம்பிலேயே உட்கார்ந்துகொண்டு என் பங்கையும் அவளே தின்கிறாள்.

முப்பது உள்ளே போய்விட்டது. அத்தை என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏளா, உள்ள போறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும். ஒம்பது வருசமா ஒங்கிட்ட இதப் பத்தி ஒரு வார்த்த நான் கேட்டிருக்கனா?" இல்லை என்று தலையாட்டினேன். கேட்டதே இல்லை, அதுதான் என் முதல் குறையே, என்னைப் பற்றி அவளுக்கு ஒரு விசாரமும் கிடையாது என்று. "கேட்டா ஒனக்கு மொகம் வாடிரும். ஊரே கேக்கு, நானும் கேக்கணுமான்னு விட்டுட்டேன். அன்னைக்கி மனையில ஒக்கார வைக்கக் கூப்ட்டாளுவ பாரு, எனக்கு வந்துச்சு கோவம். எம்மருமவ என்ன பிச்ச எடுக்கவா வந்திருக்கா, எச்சி மனையில ஒக்காரதுக்கு." அவள் இன்னும் என்னவோ சொன்னாள், என் காதில் விழவில்லை. ஒரு அண்டா பாயசம். ஐந்து வருஷம் நான் அந்தப் பாயசத்தைத் திரும்பத் திரும்பக் கிண்டியிருக்கிறேன். வெக்கை மறுபடியும் ஏறியது, அத்தையின் கை முந்தானையைத் தேடியது, நான் அந்தக் கையைப் பிடித்தேன். "யத்த, ஒங்களுக்கு நின்னுபோன வருசம் ஈரத்துண்டப் போட்டுகிட்டு நடப்பீங்களே, ஒரு வெக்க வருதுன்னு." "ஆமா, அதுக்கென்ன இப்ப." "அந்த வெக்கதான் இது. எனக்கு நின்னது பிள்ளையால இல்ல யத்த. ஊசி போட்டு நிறுத்திருக்கு. வயித்துல ஒரு நோவு, அதுக்கு இது மருந்து. இன்னைக்கி அஞ்சாவது ஊசி." அத்தை என்னைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள், கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தியையும் பார்த்தாள், யாருக்காவது கேட்டுவிட்டதா என்பதுபோல. கையை என் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள். "அப்ப மூணு மாசம்னு..." "நான் சொல்லல யத்த. நீங்களா நெனச்சிய." "நெனச்சேன். நெனச்சேன்னு தெரியும்லா ஒனக்கு. ஒன்றர மாசமா நான் பித்துப் பிடிச்சவ மாதிரி ஒம்பின்னால அலைஞ்சேன், பாத்துகிட்டுதான இருந்த. ஏன்டி சொல்லல?" நிறையச் சொல்லலாம், நீங்கள் கேட்கவில்லை, வழக்கம் அப்படி, சங்கர் வேண்டாம் என்றார், எல்லாம் உண்மைதான். "நல்லா இருந்துச்சு யத்த" என்றேன். சிஸ்டர் கதவைத் திறந்து முப்பத்தொன்று என்று கத்தினாள். நான் எழுந்தேன், அத்தை எழவில்லை.

டாக்டர் வெக்கை எப்படி இருக்கு, தூக்கம் வருதா, கால்சியம் மாத்திரை போடுறீங்களா என்று கேட்டார், எல்லாவற்றுக்கும் ம் ம் என்றேன். திரைக்குப் பின்னால் சிஸ்டர் இடுப்பில் போட்டாள், பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். பஞ்சைப் பிடித்துக்கொண்டு நான் கணக்குப் போட்டேன், இந்நேரம் அத்தை கீழே இறங்கியிருப்பாள், மூட்டோடு படி இறங்க ஐந்து நிமிஷம், ஆட்டோ பிடித்திருப்பாள், பிரவீணாவுக்குப் போன் போட்டிருப்பாள், ஞாயிற்றுக்கிழமை கரண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். போகட்டும், கிடைத்தவரைக்கும் லாபம் என்று சொல்லிப் பார்த்தேன், மனது கேட்கவில்லை. வெளியே வந்தேன். அத்தை போகவில்லை. பெஞ்சில் அதே இடத்தில்தான் இருந்தாள், கண் இரண்டும் சிவந்திருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கும், ஏழெட்டு மாத வயிறு, தனியாக வந்திருக்கிறாள் போல, மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "காலு வீங்குதா? உப்பக் கொறைக்கணும், என்ன" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், முழுசாகப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்தக் கைக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய் முன்னால் நின்றேன். "யத்த, தள்ளி ஒக்காருங்க" என்றேன். அந்தப் பெண் பதறி எழப் பார்த்தாள். "நீ எந்திரிக்காத தாயி, இவ்வொ தள்ளுவாவ" என்றேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வைவாள் என்று நினைத்தேன். முனகிக்கொண்டே மூட்டைப் பிடித்து ஒரு சாண் நகர்ந்தாள், அந்த ஒரு சாணுக்குள் நான் இரண்டு பேருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், அத்தையின் கை அந்தப் பெண்ணின் மணிக்கட்டிலிருந்து கழன்று தன் மடிக்குத் திரும்பியது. பிறகு அத்தை எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு, கோபம் தீராத குரலில் கேட்டாள்.

"ஊசி எங்க போட்டாவ?"

"இடுப்புல."

"வலிக்கா?"

இந்த ஊசி வலிப்பதே இல்லை, எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது.

"ரொம்ப வலிக்கி யத்த" என்றேன்.